சத்தம் குறைந்த ரவை

விடியற்காலை ஐந்தரை மணிக்குச் செய்தி வந்தது. அரசரத்தினம் மாட்டுக் கொட்டிலில் நின்றார். பால் கறக்கும் இயந்திரத்தின் குழாய்களை ஒரு பசுவிலிருந்து கழற்றி அடுத்ததற்குப் பூட்டும் நேரத்தில், பண்ணைக்காரரின் மனைவி இரவுச் சட்டையோடு வாசலில் வந்து நின்று, காதோடு கையை வைத்துக் காட்டினாள். தொலைபேசி. லோசானிலிருந்து.

அழைத்தது யசோதரா, அவருடைய மனைவி தில்லைநாயகியின் சின்னம்மா மகள்.

"அத்தான், அக்கா பக்கத்திலை நிக்கிறாவோ?"

"இல்லை, மேலை படுத்திருக்கிறா. சொல்லு."

தில்லைநாயகியின் தம்பி இராஜேந்திரன் செத்துப் போனான். எண்பத்தேழாம் ஆண்டு ஆனி மாதம் அது. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. ஆரோ கொழும்புக்குக் கொண்டுவந்த கதை அங்கிருந்து லோசானுக்கு வந்து, அங்கிருந்து இந்தப் பண்ணைக்கு வந்து சேர்வதற்குள் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவும் முடிந்திருந்தது.

"வேலியடியிலை சைக்கிளை உருட்டிக்கொண்டு நிண்டவனாம் அத்தான். ஒரே ஒரு வெடி. மனிசி குசினிக்குள்ளை இருந்து கேட்டவ. ஆரோ காய்ஞ்ச தடி முறிக்கினம் எண்டுதான் நினைச்சவவாம்."

அரசரத்தினம் திரும்பிப் போய் மிச்சப் பசுக்களையும் கறந்து முடித்தார். மாடு காத்திருக்காது என்பது ஒரு சாட்டு. மேலே போகக் கால் வரவில்லை. பிறகு போய்ச் சொன்னார். அவள் எப்படி, எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வேறென்ன செய்வதென்று தெரியாமல் தடி முறிந்த கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கக் கடைக்கு முகாமையாளராக இருந்தவர். எண்பத்துநாலில் சுவிஸ் வந்து அகதி மனுக் கொடுத்தார். ஆர்காவ் மாநிலத்துக்கு என்று பிரித்து விட்டார்கள். மனு முடிவாகும்வரை அந்த மாநிலத்தை விட்டு நகர முடியாது. மற்றப் பொடியள் பாடனிலும் சூரிச்சிலும் கோப்பை கழுவப் போக, இவர் பாடனுக்கு மேலே மலைச்சரிவில் இருந்த விட்மர் என்பவரின் பண்ணைக்கு வந்தார். சாணி நாற்றத்துக்குப் பயந்து ஒருவரும் கேட்காத வேலை. ஆனால் வேலையோடு ஒரு அறையும் கிடைத்தது. அறை இருந்தபடியால்தான் மனைவியைக் கூப்பிட முடிந்தது. உழவு இயந்திரம் நிற்கும் கொட்டகைக்கு மேலே, மர ஏணிப்படி ஏறிப் போகும் அறை. ஜன்னலுக்குக் கீழே கோழிக்கூடு.

விட்மரை எல்லாரையும் போல இவரும் முதலாளி என்ற பொருளில் 'ஷெஃப்' என்றுதான் கூப்பிடுவார். ஷெஃப் நல்ல மனுசன். ஊர்க்காட்டு வேட்டையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த இலையுதிர் காலத்தில் ஒரு நரி கோழிக்கூட்டைப் பழக்கிக்கொண்டது. ஒரு பின்னேரம் ஷெஃப் தன் பழைய இரட்டைக்குழல் துவக்கை எடுத்து வந்து, சரியாக அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று சுட்டார். கொட்டகை முழுக்க அதிர்ந்தது. நரி தப்பிவிட்டது. அரசரத்தினம் ஓடிப்போய்ப் பார்த்தபோது தில்லைநாயகி கட்டிலுக்குக் கீழே கிடந்தாள். நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தம்.

அடுத்த முறையும் அப்படித்தான். பாடனில் டொக்டர் குளிசை கொடுத்தார். குளிசை நித்திரையைத் தந்தது, வெடிக்கு ஒன்றும் செய்யவில்லை.

"இஞ்சாருங்கோ, என்னாலை இஞ்ச இருக்கேலாது. நான் யசோதராவிட்டைப் போறன்."

"லோசான் வேறை மாநிலம். பிடிச்சால் கேஸ் பழுதாப் போயிடும். எங்கடை ரண்டு பேற்ரையும்."

"அப்ப உந்த மனுசனைச் சுடாமல் இருக்கச் சொல்லுங்கோ."

சுடாதே என்று முதலாளியிடம் எப்படிச் சொல்வது? கோழி அவருடையது, நரி அவருடைய காட்டினுடையது. ஆனால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று அரசரத்தினத்துக்குப் பட்டது. கேட்டார். ஷெஃப் முகத்தைச் சுளிக்கவில்லை. செரி மரத்து ஏணியிலிருந்து விழுந்து வலத் தோளில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் அவர். பழைய துவக்கு ஒவ்வொரு வெடிக்கும் அந்தத் தோளைத்தான் உதைத்தது. சரிவின் கீழே புதிதாக வீடு கட்டி வந்தவர்களும் சத்தம் என்று முறைப்பாடு வைத்திருந்தார்கள். "எனக்கும் அதுதான் யோசனை," என்றார். "சனிக்கிழமை வா, துவக்குக் கடைக்குச் சேர்ந்து போய்ப் பார்ப்போம்."

அன்றிரவு அரசரத்தினம் பண்ணைத் தொலைபேசியில் மரியதாஸோடு கதைத்தார். மரியதாஸ் பாடனில் ஒரு உணவகத்தின் குசினியில் நின்றவன், வாய்க்காரன்.

"சனிக்கிழமை ஷெஃபோடை துவக்கும் ரவையும் வாங்கப் போறம் மரியதாஸ். சின்ன ரவையாப் பாக்கவேணும்."

மறுமுனையில் அவன் சிரித்தான். "ஆமிக்குப் பயந்து கடல் கடந்து வந்த ஆள், இஞ்ச வெள்ளைக்காரனுக்குத் துவக்குப் பாத்துக் குடுக்கிறீங்கள். நல்ல அகதி அண்ணை நீங்கள்."

வாசற்படியில் நின்ற தில்லைநாயகிக்கு அவர் சொன்னதில் கடைசிச் சொற்கள் மட்டும் கேட்டிருந்தன. எங்கள் தமிழில் துவக்குக்குப் போடுவதும் ரவைதான், உப்புமாவுக்குப் போடுவதும் ரவைதான். "சின்ன ரவையெண்டால் ரண்டு பைக்கற்றா வாங்குங்கோ," என்றாள். "வறுத்து வைக்கிறன். லட்டுப் பிடிச்சுக் கன நாள்." செத்த வீட்டுச் செய்திக்குப் பிறகு அவள் வாயில் ஒரு பலகாரத்தின் பெயர் வந்தது அன்றுதான். அரசரத்தினம் திருத்தவில்லை.

எந்த ரவையோ அதற்கேற்ற துவக்கு என்று சொல்லி, துவக்குக் கடைக்காரர் பச்சைத் துணி விரித்த மேசையில் மூன்று ரவைகளை நிறுத்தி வைத்தார். முதலாவது பென்சில் துண்டளவு. கை தட்டும் சத்தம்தான் வரும், தோளுக்குத் தெரியவே தெரியாது என்றார். அரசரத்தினத்தின் கை உடனே அதற்குப் போனது. ஷெஃப் தலையாட்டி மறுத்தார்: "இது எலிக்கும் காகத்துக்கும். நரி இதை வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மூன்று நாள் கிடந்து சாகும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்." மூன்றாவதன் பெட்டியில் மூன்று இரண்டுகள் எழுதியிருந்தன. எவ்வளவு தூரத்துக்கும் நேராகப் போகுமாம், உதையும் அதிகமில்லையாம். ஆனால் சத்தம் பள்ளத்தாக்கின் மறுகரை வரை கேட்கும்.

நடுவில் நின்றது மெலிந்து, கழுத்து ஒடுங்கி இருந்தது. அதற்குக் குளவி என்று பெயர். கடைக்காரர் விரலால் காற்றில் வட்டம் போட்டு ரீங்காரித்துக் காட்டினார். நரிக்குப் போதும், நூறு மீற்றருக்குள் நின்ற இடத்திலேயே விழுத்தும். நோவெடுத்த தோளும் தாங்கும். சத்தம் பழைய துவக்கில் கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"பெண்சாதிக்கு?" என்று ஷெஃப் அரசரத்தினத்தைப் பார்த்தார். "நீ சொல்."

"எது சத்தம் குறைவு?" என்று மட்டுமே அரசரத்தினம் கேட்டார். எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கடைக்காரர் நடு ரவையைத் தட்டிக் காட்டினார். "அப்ப இது," என்றார் இவர். திரும்பும் வழியில் மறக்காமல் கோதுமை ரவையும் இரண்டு பைக்கற் வாங்கிக்கொண்டார்.

நரி மூன்று கிழமை வரவில்லை. அந்த நாட்களில் தில்லைநாயகி லட்டுப் பிடித்தாள். ஷெஃப் வீட்டுக்கும் ஒரு தட்டுப் போனது. பிறகு ஒருநாள் பொழுதுபடும் நேரம், அரசரத்தினம் கொட்டிலில் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தபோது வெடி கேட்டது. நல்லாய்க் காய்ந்த ஒரு தடி முறிவது போல, வறண்டு, கூராக. எதிரொலிகூட இல்லை. ஷெஃப் வாலைப் பிடித்து நரியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார். "கேட்டாயா? ஒன்றுமே இல்லை."

அரசரத்தினம் படியேறினார். அவள் கட்டிலுக்குக் கீழே இல்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாயில் இரத்தம் இல்லை. அந்தக் கணம் அவர் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

"பாத்தீரோ, இப்ப பெரிசாக் கேக்கேல்லைத்தானே?"

"உதுதானே அந்தச் சத்தம்."

"எது?"

"தம்பியைச் சுட்டது." அவள் குரலை உயர்த்தவில்லை. "முந்தினது வயலுக்கை காட்டுப் பண்டிக்கு வைக்கிற வெடி. நெஞ்சு பதறும், முடிஞ்சிடும். அது எங்கடை ஆக்கள் ஆரையும் கொன்றதில்லை. இது தடி முறிஞ்ச சத்தம். நீங்கள்தானே அப்பிடிச் சொன்னனீங்கள்."

அவர் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டினார்.

"ஷெஃப் தானாவோ வாங்கினவர்?"

"இல்லை. நான்தான் தெரிஞ்செடுத்தனான்."

"அப்ப அண்டைக்கு வாங்கப் போனது இந்த ரவையோ?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் பயந்து ஒளிக்கவில்லை. காது கொடுத்துக்கொண்டு கிடந்தாள். கோழிக்கூட்டில் பலகை கிறீச்சிட்டால், தோட்டத்தில் ஷெஃப் உண்மையிலேயே ஒரு தடியை முறித்தால், எழுந்து உட்காருவாள். பெரிய வெடி வருமுன் ஒரு நாய் குரைப்பாவது இருக்கும், இது சொல்லாமல் வரும் என்றாள். பழைய துவக்குக்கே திரும்பச் சொல்லி அரசரத்தினம் ஷெஃபிடம் கேட்டார். விளக்க அவரிடம் ஜெர்மன் போதவில்லை. எந்த மொழியில் அதை விளக்குவது? ஷெஃபுக்கு மனம் நொந்துவிட்டது. "நரிக்கு இதைவிடச் சத்தம் குறைந்தது உலகத்தில் இல்லை," என்றார். "என் தோளும் ஒரு மனிதனுடைய தோள்தான்." அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

தில்லைநாயகி ஒரு செவ்வாய்க்கிழமை பாடனில் லோசானுக்கு ரயில் ஏறினாள். அனுமதி கேட்கவில்லை. ஒரு பைதான் கொண்டு போனாள். "நீங்களும் வாங்கோ" என்று அவள் சொல்லவில்லை, "நில்லும்" என்று அவரும் சொல்லவில்லை. மார்கழியில் மாநில அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அவள் எங்கே என்று கேட்டபோது, கடைக்குப் போய்விட்டாள் என்றார். தை மாதம் இரண்டாம் முறை கேட்டபோது, தெரியாது என்றார். அவளுடைய மனு, முகவரி இல்லை என்று மூடப்பட்டது. ஷெஃப் கோழிகளுக்கு முன்னால் நின்று, "பெண்சாதிக்கு இப்போது சுகமா?" என்று ஒவ்வொரு கிழமையும் அன்போடு கேட்பார். சுகம் என்று இவர் சொல்வார்.

அவள் போவதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்கட்டும் என்று அரசரத்தினம் ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளில் ஒட்டும் பஞ்சுநாடாவை ஒட்டத் தொடங்கியிருந்தார். மேல்பக்கமும் இரு கரைகளும் முடிந்தன. கோழிக்கூட்டுப் பக்கம் பார்த்த கீழ்ச்சட்டம் ஒட்டாமல் கிடக்கிறது.