பக்ரீத் கடாவும் ஒரு மூட்டை மாம்பழத் தோலும்

புளித்த மாம்பழ வாசனை... இனிப்பா, காடியா, கள்ளா என்று சொல்ல முடியாத ஒரு நெடி. இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் பக்கத்தில் ஆடு எதுவும் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன் பிரெண்ட்ஸ்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மாம்பழ சீசனிலேயே பக்ரீத் வந்த வருஷங்களில் ஒன்று. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு. அத்தாவுக்கு ஜரிகை வியாபாரம். முந்தின வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். "அவரு நடந்து வூட்டுக்கு வரட்டும், என் கையால ஒரு கடா வளத்து குர்பானி குடுக்குறேன்" என்று அம்மா நேர்ந்துகொண்டார்.

அத்தா நடந்தே வந்தார். பின்னாலேயே ஒரு செம்மறிக் குட்டியும் வந்தது. ராஜா என்று பேர்.

அண்ணனுக்கு வாலாஜாபாத் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியில் வேலை. அங்கே தோலும் நாரும் மலையாகக் குவியும். யார் கேட்டாலும் அள்ளிக்கொடுப்பார்கள். பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு மூட்டையை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான்.

"இத துன்னா பண்டிகைக்குள்ள ராஜா கும்முன்னு ஆயிடும்மா!"

முன்பு எங்கள் வீட்டில் மாடு இருந்தது. வடித்த கஞ்சியும் அரிசி கழுவின தண்ணீரும் கழனித் தொட்டியில் கிடந்து புளித்தால்தான் அது உறிஞ்சிக் குடிக்கும். அம்மா அதே கணக்கைப் போட்டார்... தோல் மொத்தத்தையும் தொட்டியில் கொட்டி, கஞ்சியை ஊற்றி மூடிவிட்டார். அடிக்கிற வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்? ரெண்டாம் நாள் சாயங்காலம் ஒரு அன்னக்கூடை நிறைய அள்ளி வைத்தார். ராஜா தலையைத் தூக்காமல் தின்றது.

விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு அத்தா உள்ளே வந்தார். நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"எவன்டா வூட்டுக்குள்ள குடிச்சது?"

அய்யோ! எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. அத்தா, தூங்கிக்கொண்டிருந்த அண்ணனைச் சட்டையைப் பிடித்து எழுப்பினார். "வாய ஊதுடா!"

"அல்லா மேல சத்தியமா நான் இல்லத்தா!"

அத்தா கையை ஓங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து அம்மாவின் அலறல்...

ராஜா விழுந்து கிடந்தது. வயிறு மத்தளமாக உப்பியிருந்தது. எழப் பார்த்து, கால் பின்னி, மறுபடி தடாலென்று விழுந்தது. வாயில் அதே நெடி. "குடிச்சது இதுவா?" என்றார் அத்தா. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "உங்க உசுருக்காக நேந்துக்கினதுங்க... என் கையாலயே வெஷம் வெச்சிட்டேனே!"

மாட்டு டாக்டர் ஓடிவந்து சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார். "ஆட்டுக்குத் திடீர்னு இவ்ளோ இனிப்பு போனா வயிறு தாங்காதும்மா. தோலு நல்ல தீனிதான். ஆனா வைக்கோலோட கலந்து, கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும்" என்றார்.

ராஜா பிழைத்தது. ஆனால் அந்தப் புளிப்பு காலில் இறங்கி, குளம்பு வீங்கி, நொண்ட ஆரம்பித்தது. நொண்டுகிற ஆட்டைக் குர்பானி கொடுக்க முடியாது. அம்மா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். "அல்லா என் நேர்ச்சைய வேணாம்னுட்டாருங்க."

அத்தா போய் ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கின காலைத் தடவிக்கொடுத்தார்.

"நானும் ஆஸ்பத்திரிலேர்ந்து இப்டித்தான் தள்ளாடிக்கினு வந்தேன். என்ன வூட்ல சேத்துக்கின இல்ல? அதுவும் இருக்கட்டும்."

வேறொரு கடா வாங்கி வந்து நேர்ச்சையை முடித்தார். ராஜா பின்கட்டிலேயே நொண்டிக்கொண்டு கிழடானது. அத்தா போன பிறகும் கொஞ்ச காலம் இருந்தது.

போன மாசம் மாகறல் பக்கம் சிநேகிதியின் மகள் வைத்திருக்கும் ஆட்டுப் பண்ணைக்குப் போயிருந்தேன். அவள் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைத் திறந்தாள். அதே நெடி! "அய்யோ, போடாதம்மா!" என்று கத்தியேவிட்டேன்.

அவள் சிரித்தாள். "ஆன்ட்டி, இது சைலேஜ். மாம்பழத் தோலுல வைக்கோல் கலந்து, காத்து போகாம மூடிப் புளிக்க வெப்போம். அளவாத்தான் போடுவேன், பயப்படாதீங்க."

எந்த நாற்றத்துக்கு எங்கள் வீடே அல்லோலகல்லோலப்பட்டதோ, அதை இன்று படித்த பிள்ளைகள் வேண்டுமென்றே தயாரிக்கிறார்கள்... என்னால் நம்பவே முடியவில்லை. அவள் ஆடுகளுக்கு அள்ளிப் போட்ட பிறகு அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அம்மா உடனே கேட்டார்.

"துன்னு முடிச்சிடுச்சா?"

"முடிச்சிடுச்சும்மா."

"உடனே கெளம்பிடாத. எல்லாம் எழுந்து நிக்குதா பாத்துட்டு வா."

சாயங்காலம் வரைக்கும் நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.