தேடட்டுமா என்று கேட்கும் பெட்டி

பழைய கணினிகளுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுக்கும் தொழிலில், வாயடைத்துப்போன பெட்டிகளைப் பேச வைப்பதே பாதி வேலை. பாட்டைத் திறந்ததும் "இதை ஒலிக்கும் கோடெக் இல்லை, தேடட்டுமா?" என்று திரையில் முளைக்கும் சதுரத்தைப் பார்த்துத் திகைத்தவர்களே, நீங்கள் என் உறவினர்கள். கோடெக் என்பது ஒலிக்கோப்பை அவிழ்த்துத் தரும் துணை மென்பொருள். சரி என்றால் தானாக வந்து அமர்ந்துகொள்ளும்.

கோவளம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இந்தக் கடையைத் தொடங்கியவர் என் கணவர். பெட்டியைக் கொடுக்குமுன் மைக்கில் "ஒண்ணு, ரெண்டு, மூணு, கேக்குதா?" என்று பதிவுசெய்து, போட்டுப் பார்த்து, அழித்துவிடுவார். அவர் போய் மூன்று மழைக்காலம் ஆகிறது. அந்தக் குரல் என்னிடம் ஒரு நொடிகூட இல்லை. அதனால் அவர் கைபட்ட பெட்டி எது திரும்பி வந்தாலும், நான் தவறாமல் திறந்து பார்ப்பது, அழித்த கோப்புகள் போய்க் கிடக்கும் அதன் குப்பைத்தொட்டியை.

மடியில் வந்த பெட்டி

கருங்குழி நெல் வியாபாரி ஒருவர், என் கணவர் கொடுத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறி வந்தார். பேத்தி பள்ளி விழாவில் பாடிய பாட்டு ஒலிக்கவில்லை. தேடட்டுமா என்று அது கேட்கிறதாம். சரி என்றால், கிடைக்கவில்லை என்கிறதாம்.

வீட்டில் இணையம் இல்லை என்பதைக் கடைசியில்தான் சொன்னார். கடை இணைப்பில் மாட்டினேன். கோடெக் இறங்கியது, பேத்தி பாடினாள். குப்பைத்தொட்டியையும் பார்த்தேன், காலி. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நெட்டே இல்லாத வூட்ல, அது இத்தினி நாளா யாராண்ட போய்த் தேடிகினு இருந்திச்சும்மா?"

மைமூனின் 'வேணாம்'

மைமூன் பிரியாணிக் கடை நடத்துகிறவள். இறந்துபோன கணவரின் பட்டன் போனில் அவர் குரல் ஒன்று பதிவாகியிருந்தது. மகன் அதைக் கணினிக்கு மாற்றிவிட்டு, "எது கேட்டாலும் வேணாம்னு அமுக்கு, இல்லாட்டி வைரஸ் வந்துடும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் துபாய் போய்விட்டான். சொல் தட்டாத தாய், தினமும் கோப்பைத் திறந்து, சதுரம் வந்ததும் 'வேண்டாம்' அமுக்கியிருக்கிறாள். ஆறு மாதம். குரலும் செத்துவிட்டது என்று முடிவுகட்டித்தான் என்னிடம் வந்தாள்.

நான் 'தேடு' என்பதை அமுக்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு விட்டாள். பெட்டி கேட்ட கடவுச்சொல்லை அடித்தேன். கோடெக் இறங்குவதைக் காட்டும் நீலக்கோடு ஊர்ந்து முடிந்தது. பஸ் ஹாரனுக்கு நடுவே ஒரு ஆண்குரல்: "மைமூனு, வெங்காயம் அரிஞ்சிட்டியா? தோ, வந்துகினே கீறேன்."

நான்கு முறை கேட்டாள். ஐந்தாவது முறை திரையைப் பார்த்துப் பதில் சொன்னாள்: "அரிஞ்சு வெச்சிட்டேன், வாங்க."

காலித் தொட்டி

அதுவும் என் கணவர் கொடுத்த பெட்டிதான். அவள் கண்ணைத் துடைக்கும் நேரத்தில் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். அழித்த கல்யாணப் படங்கள் இரண்டு, வேறொன்றுமில்லை.

"அதுல இன்னாம்மா தேடுறீங்க?" என்றாள். சொன்னேன். முக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு பெட்டியை முறைத்துப் பார்த்துச் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் தேடட்டுமா, தேடட்டுமான்னு கேக்குது. உங்கள ஒரு வாட்டி கேட்டுச்சா இது?"

கேட்காது, கோப்பு இருந்து கோடெக் இல்லாதவர்களுக்குத்தான் அந்தச் சதுரம், எல்லாக் கோடெக்கும் வைத்துக்கொண்டு கோப்பில்லாமல் உட்கார்ந்திருப்பவளிடம் கேட்க அதற்குக் கேள்வியே கிடையாது.