மேபல் முன்னே, கிளெண்டா பின்னே

கிளெண்டா ஹார்டேக்கரின் வாயை மூட வைக்க எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவராலும் முடிந்ததில்லை. வேலையை விடும்வரை பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தை ஆட்டிப் படைத்தவள். அன்றைக்குப் பட்டாணியைத் தட்டோரம் ஒதுக்கிய பிள்ளைகள் இன்றைக்குப் பிள்ளை பெற்றுவிட்டார்கள். இப்போதும் கடைத்தெருவில் அவளைக் கண்டால் முதுகை நிமிர்த்துகிறார்கள்.

அப்படிப்பட்டவள் போயும் போயும் எங்கள் சனிக்கிழமை மோப்பக் கூட்டத்தில் வந்து சேர்ந்தாளே, அதை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு. வெட்டி விளையாட்டுதான், ஒத்துக்கொள்கிறேன். ஒருவர் தான் போட்டிருந்த துணி ஒன்றைப் பையில் போட்டு வைத்துவிட்டுப் போய் ஒளிந்துகொள்வார். நாய் அதை மோந்து, அவர் நடந்த வழியே போய்க் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால், ஒளிந்தவர் கையோடு கொண்டுபோன ஒரு டப்பா மத்தி மீன் நாய்க்கு. பின்னால் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிற மனிதருக்கு இருக்கும் ஒரே வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. கிளெண்டாவுக்கு வராத வேலையும் அதுதான்.

அவளுடைய மேபல், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் நாய். "கண்ணால வேட்டையாடுற ஜாதிம்மா அது. மூஞ்சியில மூக்கு எதுக்கு இருக்குன்னே அதுக்குத் தெரியாது" என்று முன்பு கசாப்புக்கடை வைத்திருந்த டெஸ்மண்ட் கேலி செய்வார். சுத்த அபாண்டம். மேபலுக்கு அருமையான மூக்கு. அது இடப்பக்கம் போனால் இவள் வலப்பக்கம் இழுப்பாள், அவ்வளவுதான் கோளாறு. முதல் பேட்ஜுக்கான சோதனையில் இரண்டு தடவை தோற்றார்கள். பயிற்சி கொடுக்கும் தாம்சின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "மேபல் தப்பே பண்ணல கிளெண்டா. நீங்கதான் இழுக்கறீங்க. அடுத்த தடவையும் இழுத்தீங்கன்னா கயிறை உங்க வீட்டுக்காரர் கையில குடுத்துடுங்க. நாயாவது நிம்மதியா இருக்கட்டும்."

வீட்டுக்காரர் ட்ரெவர், கூட்டத்துக்கு டீ குடிக்க மட்டும் வருகிற மனிதர். கிளெண்டா என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். "வேலையும் போச்சு. ஒரு நாள் முழுக்க நான் பேச்சுக் குடுக்க மிச்சம் இருக்கறது இந்த மேபல் ஒருத்திதான். அந்தக் கயிறும் போச்சுன்னா எனக்கு என்னடி இருக்கு?"

சோதனையன்று தூறல். ஒளியப் போனவர் டெஸ்மண்ட். அவர் போகும்போது நாங்கள் எல்லோரும் காருக்குள் தலையைக் குனிந்திருக்க வேண்டும் என்பது விதி. கிளெண்டாவாவது குனிவதாவது! காரின் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். டெஸ்மண்ட் சர்ச் சந்துக்குள் நுழைந்தார்.

பையில் அவருடைய தொப்பி. மேபல் மோந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நேராக, நாங்கள் டீ குடிக்கிற ஊர் மன்றத்துக்குள் நடந்து, பன்றி இறைச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்த ட்ரெவர் மடியில் தலையை வைத்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாம்சின் உதட்டைப் பிதுக்கினாள். "வீட்டு ஆளைப் பாத்ததும் ஓடிட்டா. பாவம்."

பழைய கிளெண்டாவாக இருந்தால் நாயை அங்கேயே வறுத்தெடுத்திருப்பாள். இவளோ தாம்சினை மறித்தாள். "இரும்மா. நான் இழுத்தேனா?"

"இல்ல. கயிறு தளர்வாதான் இருந்துச்சு."

"அப்ப இவ சும்மா வரல." பையிலிருந்த தொப்பியை எடுத்துத் திருப்பினாள். உள்துணியில் நீல நூல் தையல். "இது நான் தெச்சது! யோவ் ட்ரெவர், உன் மண்டையில இருக்கறது யாரு தொப்பி?"

ட்ரெவர் கழற்றிப் பார்த்தார். "அதான் காலையிலேர்ந்து கண்ணை மறைக்குதேன்னு பாத்தேன்."

எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் தலையில் ஒரே சந்தைக் கடையில் வாங்கிய ஒரே சாம்பல் நிறத் தட்டைத் தொப்பி. டீ குடிக்க வந்த இருவரும் ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். டெஸ்மண்ட் கைக்குக் கிடைத்ததைப் பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மேபல் தொப்பிக்காரரைத்தான் கண்டுபிடித்திருக்கிறது!

தாம்சினுக்கே சிரிப்பு தாங்கவில்லை. "மேபல் கெட்டிக்காரிதான். ஆனா டெஸ்மண்ட் இன்னும் மழையில உக்காந்திருக்காரே. அவரைக் கண்டுபிடிச்சாதான் பேட்ஜ்."

இப்போது மோக்கக் கொடுக்க இருப்பது ட்ரெவர் தலையில் இருந்த டெஸ்மண்டின் தொப்பி. அதில் இரண்டு பேர் வாசனை. பக்கத்தில் நிற்பவரை விட்டுவிட்டு, இல்லாதவரைத் தேட வேண்டும். அதையும் பழக்கியிருந்தோம். மேபல் தொப்பியை மோந்தது, ட்ரெவரை மோந்தது, தும்மியது, கிளம்பிவிட்டது.

நான் பின்னாலேயே போனேன். பாதை பிரிகிற இடத்தில் இடப்பக்கம் சர்ச் சந்து, வலப்பக்கம் ஆறு. மேபல் சந்தில் நாலடி வைத்தது, நின்றது, திரும்பி ஆற்றுப் பக்கம் இழுத்தது.

கிளெண்டா தன் கண்ணால் பார்த்தவள். கயிற்றைப் பிடித்த கை இறுகியது. வாய் திறந்தது. போச்சுடா, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், அவள் கயிற்றை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்! கல் சுவரின் இடுக்கில் நுழைந்து, ஆட்டு மந்தையைத் தாண்டி, சேற்றில் முழங்கால்வரை புதைந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆற்றோரக் கொட்டகைக்குப் பின்னால் மேபல் பாய்ந்தது.

"எங்கய்யா தொலைஞ்சீங்க எல்லாரும்? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா மீனை நானே தின்னிருப்பேன்!" டெஸ்மண்ட் சொட்டச் சொட்ட எழுந்தார். "சர்ச் சந்துல ஒரே தண்ணி. கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி இங்க வந்துட்டேன்."

கிளெண்டா சேற்றிலேயே உட்கார்ந்து, மேபலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. வெட்கம் என்ன வெட்கம், கத்தினேன், கை தட்டினேன்.

மன்றத்துக்குத் திரும்பினோம். தாம்சின் பேட்ஜை நீட்டினாள். கிளெண்டாவின் ஒரு கையில் கயிறு, மறு கையில் காலி மீன் டப்பா. ட்ரெவர் ஆசையாக முன்னால் வந்து, "கயிறைக் குடு, நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

"கிட்ட வராத! பேட்ஜை வாயில கவ்விட்டுப் போனாலும் போவேன், இதை மட்டும் உன் கையில குடுக்க மாட்டேன்யா!"

சொன்னபடியே கவ்வினாள்.