ஆறரை பஸ்ஸும் மயில்வாகனம் வீட்டுக் கிணறும்

புனிதமலர் எங்கள் கந்தோருக்கு வந்தது 1961ஆம் ஆண்டு வைகாசியில். முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை. தகப்பன் மரியநேசன் கடற்றொழில் செய்கிறவர். வீட்டில் அவளுக்குக் கீழே நாலு பேர். வவுனியா நகரில் தட்டெழுத்து வேலை கிடைத்ததே பெரிய காரியம். அவள் தட்டெழுத்து மெசினில் கை வைத்தால் பக்கத்து மேசையில் இருக்கும் எனக்கு மழை பெய்வது போலக் கேட்கும். அவ்வளவு வேகம், பிழையும் இராது.

ஆனால் வேகம் இருந்து என்ன, நேரத்துக்கு வந்து சேர வேண்டுமே! சரியாக எட்டரைக்குப் பெரிய கிளாக்கர் இளையதம்பி வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு ஒன்று கீறுவார். பிந்தி வருகிறவர் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்துப் போட வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை கோட்டுக்குக் கீழே போனால் வேலை நிரந்தரமாகாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முல்லைத்தீவிலிருந்து முதல் பஸ் வவுனியாவுக்கு வருவதோ ஒன்பதரைக்கு. ஆகவே அவளுக்கு ஓர் அறை வேண்டும். அதுவும் சம்பளத்தில் பாதியை விழுங்காத அறை.

வேலை தொடங்குவதற்கு முன்னரே அறை தேட, தனிப் பிள்ளை அலையக்கூடாது என்று நானும் கூடப் போனேன். முதல் வீட்டில் சொன்ன வாடகைக்கு அவள் பட்டினி கிடந்துதான் குடியிருக்க வேண்டும். இரண்டாவது வீட்டு அம்மா அறைக் கதவுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “பிள்ளை எந்த ஊர்? எந்தக் கோயில்? தேப்பன் என்ன செய்யிறார்?” என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். மூன்றாவது பதிலோடு திறப்பு இடுப்பில் போய்ச் செருகிக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை. “கூரை ஒழுகுதோ எண்டு நாங்களெல்லோ உங்களைக் கேக்கவேணும்! தேப்பன்ரை தொழிலுக்கும் உங்கடை அறைக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று வாசல் படலையடியில் நின்று சத்தம் போட்டேன். புனிதமலர்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

வெயிலில் நடந்து களைத்துப்போய் எங்கள் வீட்டுக்கு வந்தோம். கந்தோரிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம்தான். கணவரின் தாய், என் மாமியும், எங்களோடுதான் இருந்தார். என் கணவரின் தங்கை கலியாணமாகிப் போனபின் வெறுமனே கிடந்த பின்னறையிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிவந்து முற்றத்து நிழலில் போட்டு, அவளை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். “என்ன மனுசரடி இவை!” என்று அன்று பின்னேரம் முழுக்கத் திட்டித் தீர்த்தேன்.

கடைசியில் அறை கிடைத்தது புளியங்குளத்தில். சந்தியிலிருந்து மூன்று நிமிட நடை. காலை ஆறரைக்குச் சந்தியில் பஸ் ஏறினால் எட்டு மணிக்கு முன்னரே கந்தோர். அதை விட்டால் அடுத்த பஸ் எட்டரைக்குத்தான். வீட்டுக்காரர் மயில்வாகனம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்து நெல் விதைக்கிறவர். வாடகை குறைவு. ஊர், கோயில், தகப்பன் எல்லாம் கேட்டுவிட்டும் அறையைத் தந்தார். பரவாயில்லை, மனிதர் என்று ஒருவராவது இருக்கிறாரே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெட்டியை வைத்துவிட்டு அவள் கிணற்றடிக்குப் போனபோது மயில்வாகனத்தின் மனைவி விமலேஸ்வரி ஓடிவந்தாளாம்.

“கயித்தைத் தொடாதை பிள்ளை. நானே அள்ளி ஊத்திவிடுறன். நீ ஏன் கஷ்டப்படுவான்?”

எவ்வளவு அன்பு பாருங்கள்! அறையை வாடகைக்குக் கொடுப்பார்களாம், கிணற்றை மட்டும் கொடுக்க மாட்டார்களாம். அவள் கை பட்டால் கிணற்றுத் தண்ணீர் என்ன, உப்பாகிவிடுமா? சரி, ஊற்றுகிறவள் நேரத்துக்கு ஊற்றினாலும் ஒரு கதை. விமலேஸ்வரி எழும்பி, முழுகி, சாமி அறையில் விளக்கேற்றிக் கும்பிட்டு முடிய ஏழு மணி. அதற்குப் பிறகுதான் கரைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தண்ணீர். பஸ்ஸோ ஆறரைக்கு. பஸ்ஸுக்குப் பக்கத்தில் அறை எடுத்தும் முகம் கழுவக் காத்திருந்தே இரண்டு நாள் பஸ்ஸைத் தவறவிட்டாள். இரண்டு நாளும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து.

அதற்குப் பிறகு அவள் ஒருவரையும் கேட்கவில்லை. சந்திக்கு அப்பால் அரை மைல் தூரத்தில் கிராமச் சங்கத்துக் கிணறு ஒன்று இருந்தது. ஆழமான கிணறு. கயிறும் வாளியும் அவரவரே கொண்டுபோக வேண்டும். சம்பளம் எடுத்த அன்று ஒரு வாளியும் இரண்டு கயிறும் வாங்கி, இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒன்றாக்கினாள். ஐந்து மணிக்கு எழும்பிப் போய் அள்ளிக் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமலே பஸ்ஸில் வருவாள். ஆனி, ஆடி இரண்டு மாதமும் ஒருநாள்கூடப் பிந்தவில்லை. கையில் கயிறு அறுத்த தழும்போடு அவள் தட்டெழுத்து அடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆவணியில் ஊரே காய்ச்சல் பிடித்தது போலக் காய்ந்தது. மயில்வாகனம் வீட்டுக் கிணற்றில் சேறுதான் மிச்சம். ஒருநாள் விடியற்காலை விமலேஸ்வரியே குடத்தையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு சங்கக் கிணற்றுக்கு வந்துவிட்டாள். அவளுடைய கயிறு தண்ணீருக்குப் பாதித் தூரம்கூடப் போகவில்லை. புனிதமலர் அப்போதுதான் குளித்து முடித்து வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, உன்ரை கயித்தையும் வாளியையும் ஒருக்காத் தா,” என்றாள் விமலேஸ்வரி. “வாளியை நான் சாம்பல் போட்டுக் கழுவி எடுக்கிறன்.”

அந்தக் கடைசிப் பேச்சு இல்லாவிட்டால் அவள் கொடுத்திருப்பாள். என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

“தொடாதேங்கோ மாமி,” என்றாளாம், அதே அன்புக் குரலில். “நானே அள்ளி ஊத்திவிடுறன். நீங்கள் ஏன் கஷ்டப்படுவான்? ஆனா இப்ப எனக்கு பஸ் வரப்போகுது. பின்னேரம் வந்து ஊத்துறன், இருங்கோ.”

வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏறிவிட்டாள். கந்தோரில் இதைச் சொன்னபோது நான் கைதட்டிச் சிரித்தேன். இளையதம்பி கண்ணாடிக்கு மேலால் முறைத்தார். முறைக்கட்டும். நாலு மாதமாக என் நெஞ்சில் கிடந்த கோபம் அன்றுதான் ஆறியது.

அது ஒரு நாள் ஆறுதல்தான். பின்னேரம் அவள் போய் இறங்கியபோது பெட்டி வாசலில் இருந்ததாம். “வாய் கூடின ஆக்களுக்கு இஞ்சை இடமில்லை. இண்டைக்கு ராவைக்குப் படு, விடிய வெளிக்கிடு,” என்றாராம் மயில்வாகனம். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, பெட்டியோடும் சுருட்டிய கயிற்றோடும் வாளியோடும் கந்தோருக்கு வந்தாள். எனக்கு இரத்தம் கொதித்தது. “விடக்கூடாது! பொலிசுக்கு எழுது, கச்சேரியிலை அரசாங்க அதிபருக்கு எழுது, நான் கையெழுத்து வைக்கிறன்!” என்று கத்தினேன். அவள் வாளியைத் தன் மேசைக்குக் கீழே தள்ளி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“அக்கா, உங்கடை வீட்டுப் பின்னறை சும்மாதானே கிடக்குது? ரெண்டு மாதத்துக்குத் தாங்கோ, வேலை நிரந்தரமாகுமட்டும். வாடகை தருவன். உங்கடை கிணத்தைத் தொடமாட்டன். என்னட்டைக் கயிறு இருக்கு, நான் சந்தைக் கிணத்தடிக்குப் போவன்.”

மேசையில் கிடந்த கடதாசிகளை அடுக்கினேன்.

“மாமியைக் கேட்டுச் சொல்லுறன் புனிதம்,” என்றேன். “அவா கொஞ்சம் பழைய ஆள். உனக்குத் தெரியும்தானே.”

“ஓம் அக்கா. கேட்டுச் சொல்லுங்கோ,” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் தட்டெழுத்து மெசின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுக்க அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

சனி, ஞாயிறுக்கு அவள் ஊருக்குப் போனாள். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு, முல்லைத்தீவு பஸ்ஸில் வந்து இறங்கினாள். இளையதம்பி புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். கோட்டுக்குக் கீழே மூன்றாவது கையெழுத்து. என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போனபோது வாளியையும் கயிற்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

மயில்வாகனத்தையும் விமலேஸ்வரியையும் திறப்பை இடுப்பில் செருகினவளையும் நான் இன்றைக்கும் திட்டுகிறேன். கேட்கிறவர்கள், இந்தக் கமலாசனிக்கு நீதி நியாயத்தில் எவ்வளவு பிடிப்பு என்று சொல்கிறார்கள். மாமி செத்து இரண்டு வருடமாகிறது. பின்னறையில் நெல்மூட்டை கிடக்கிறது. அந்தச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மாமி குசினி அடுப்படியில் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். நான் அவரைக் கேட்கவில்லை. கேட்டால், “அதுக்கென்ன பிள்ளை, வரச் சொல்லு,” என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.