குலாம் முகம்மது பிரித்த சுவர்

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குலாம் முகம்மதுவின் தையற்கடை இருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டின் முன்னறைதான் கடை. பின்னறையில் மனைவி ஹமீதுன்னிசா. அளவு கொடுக்க வரும் ஆண்களின் கண்ணில் வீட்டுப் பெண்கள் படக்கூடாது என்று அவர் அப்பா எழுப்பிய மண்சாந்துச் சுவர் நடுவே நின்றது. பதினாறு வருஷமாக அவர் இந்தப் பக்கம் கோட்டு தைப்பார். அவள் அந்தப் பக்கத்திலிருந்து பேசுவாள். வந்து போகிறவர்களைக் குரலாலேயே அவளுக்குத் தெரியும். "வக்கீல் ஐயரு இளைச்சிட்டாரு போலக் கீதே, குரலே எறங்கிப் போச்சு" என்பாள். டேப்பை வைத்துப் பார்த்தால் இரண்டு அங்குலம் குறைந்திருக்கும்.

மூன்று வருஷமாக அவளுக்கு இழுப்பு. படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிவிட்டாள். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து அலுத்துப்போன ஹக்கீம், "கடல்காத்து மேல படணும், பாய்" என்று சொல்லிவிட்டார். கடலோ கூப்பிடு தூரத்தில். மத்தியானம் மூன்று மணிக்குக் காற்று கிழக்கு வாசல் வழியாகக் கடைக்குள் வந்து, சுவரில் முட்டி நின்றுவிடும். வேண்டியவளுக்கு மட்டும் கிடையாது. இது என்ன நியாயம்?

கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கலாம். கட்டிலை விட்டு இறங்க முடியாதவள் அந்நிய ஆண் முன்னால் எப்படி இருப்பாள்? செத்தாலும் மாட்டேன் என்றுவிட்டாள். இஸ்திரிப் பெட்டியைவிடக் கனமான எதையும் தூக்கியறியாத மனிதர், தானே இடிப்பதென்று கிளம்பினார்.

தையல்காரர் புத்தி எங்கே போகும்? சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கால்சட்டை விளிம்பைப் பிரிக்கிற மாதிரி அடிவரிசையிலிருந்து கல்லை நெம்பினார். மூன்றாவது கல்லிலேயே மேலே விரிசல் ஓடியது.

"இன்னாங்க பண்றீங்க? கீழ உருவுனா மேல கீறது தலைமேல வுழாதா? மேலேர்ந்து எடுங்க!" என்று கத்தியவளுக்கு இருமல் வந்துவிட்டது. அவர் அவசரமாகக் கற்களைத் திரும்பச் சொருகினார்.

கூரையைத் தாங்கியது பனை உத்திரம். சுவருக்கு அதில் வேலையில்லை. பயமெல்லாம் தூசிக்குத்தான். தூசி பட்டால் அவள் மூச்சு நின்றாலும் நிற்கும். இஸ்திரிக்கு முன் துணிக்குச் செய்வதுபோல வாய் நிறையத் தண்ணீர் எடுத்துச் சுவர்மேல் ஊதுவார். மண் ஊறியதும் ஓசையில்லாமல் கல்லை எடுப்பார். அவள் முகத்தில் ஈர மல்துணி. ஒரு நாளைக்கு ஒரு வரிசை.

ஐந்தாம் நாள் இந்தப் பக்கத்து வெளிச்சம் அவள் கூரையில் போய் அசைந்தது. பதினைந்தாம் நாள் அவள் உச்சந்தலை தெரிந்தது. அப்புறம் நெற்றி, கண்கள். பகல் வெளிச்சத்தில் அவளை இப்படி நிதானமாக அவர் பார்த்ததே இல்லை. ஊசியும் கையுமாகச் சொப்பனத்தில் இருப்பவர்போல நின்றுகொண்டிருப்பார். "கோட்டு தைக்கிறதைப் பாருங்க" என்பாள்.

வாசலில் மூங்கில் தட்டி கட்டினார். காற்று வரும், கண் வராது. இனி அளவெல்லாம் தெருவில்தான் என்றதும் சிலர் முகம் சுளித்து வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

கடைசி வரிசையை எடுத்த அன்று, மூன்று மணிக் காற்று நேரே அவள் கட்டில்வரை போயிற்று. கொல்லையில் கை கழுவிவிட்டு வந்தார். அவள் மல்லாந்து படுத்திருந்தாள். இழுப்புச் சத்தம் இல்லை. மூன்று வருஷமாக அந்தச் சத்தத்தோடுதான் அவர் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஹமீதா."

இன்னொரு தரம் கூப்பிட்டார். ஒரு நூலை அறுத்து அவள் மூக்கருகே பிடித்தார். நூல் அசைந்தது. அசைத்தது அவளா, காற்றா? ஓடிப்போய்த் தெருக்கதவை அடைத்துத் தாழிட்டார். வீடு இருண்டு புழுங்கியது. நூலை மறுபடி பிடித்தார்.

நூல் போயிற்று. வந்தது. மறுபடியும் போயிற்று.

அங்கேயே தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார்.

அவள் கண்ணைத் திறக்காமலே, "தூங்கிக்கினு கீறேன் இல்ல, கதவை எதுக்குச் சாத்துனீங்க?" என்றாள். "தொறங்க."