கிளாரினெட்டுக்கும் கிடாருக்கும் ஒரு பாட்டு

பொய்ப்பல் செய்யும் பட்டறையில் அவளுக்குக் குழல்காரி என்று பேர். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கண்ணயர்வார்கள். அவள் கையில் படிந்த மாவுத்தூளைக் கழுவிவிட்டு, இசைப்பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் போன் போடுவாள். கேட்பது ஒன்றேதான். கிளாரினெட்டும் கிடாரும் மட்டும் சேர்ந்து வாசிக்க ஏதாவது இருக்கிறதா?

கிளாரினெட் அவளுடையது. கிடார், பேருந்து ஓட்டும் நாத்தனாருடையது. இந்த ஜோடிக்கென்று எழுதியவர்கள் குறைவு. கிளாரினெட் பியானோவோடு போய்விடும், கிடார் புல்லாங்குழலோடு போய்விடும். அடுத்தவர் சட்டையைப் பிரித்துத் தைத்துப் போடுவது போல, வேறு வாத்தியங்களுக்கு எழுதியவற்றை மாற்றி வாசித்தே காலம் ஓடியது. ஆனாலும் எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற வழக்கம் சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கிடையாது.

கடைசியில் ஒரு நூலகர் கைகாட்ட, வெளியூரில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் அகப்பட்டார். அவருடைய அப்பா இசை ஆசிரியர். தானும் மனைவியும் வாசிக்க மூன்று பகுதிகளாக ஒன்று எழுதியிருந்தார். அச்சேறவே இல்லை. நர்சம்மா காகிதங்களை அனுப்பிவிட்டுப் போனில் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை வந்து கேப்பேன். எங்க வீட்ல கேட்ட மாதிரி இருந்தா நீங்களே வெச்சுக்கோங்க. இல்லேன்னா எடுத்துட்டுப் போயிருவேன். கண்டபடி யாரும் வாசிக்க வேண்டாம்."

அன்று மாலையே இருவரும் உட்கார்ந்தார்கள். முதல் வரியிலேயே பல் கூசியது.

"அண்ணி, என் பஸ் பிரேக்கே இதைவிடச் சுருதியா இருக்கும்" என்றாள் நாத்தனார்.

"எழுதினதுல பிழை இருக்கும். திருத்திடலாம், இரு."

பென்சிலால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மாற்றினாள். ஒரு இடம் சேர்ந்தால் அடுத்த இடம் இடித்தது. சனிக்கிழமை வந்தும் வழி பிறக்கவில்லை.

"மனுஷன் பாவம், பொண்டாட்டி மேல இருந்த கோவத்துல எழுதியிருக்கார். நர்சம்மாகிட்ட முடியலைன்னு சொல்லிருவோம் அண்ணி."

"உன் வரியை மட்டும் வாசி."

வாசித்தாள். அழகாக இருந்தது. பிறகு குழல்காரி தன்னுடையதை வாசித்தாள். அதுவும் அழகு.

"தனித்தனியாத் தங்கம், சேர்ந்தா சண்டை. நம்ம குடும்பமேதான்" என்று சிரித்தாள் நாத்தனார்.

குழல்காரி சிரிக்கவில்லை. பட்டறையில் மேல்வரிசையும் சரி, கீழ்வரிசையும் சரி, கடித்தால் மட்டும் பொருந்தவில்லை என்றால் பல் பல்லாக அவள் தேய்க்கமாட்டாள். ஒரு வரிசையையே முழுதாக ஏற்றுவாள். இங்கே மட்டும் ஏன் பல் பல்லாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்? பென்சில் குறிகளையெல்லாம் அழித்துவிட்டு இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தொடக்கம் முதல் முடிவு வரை அவள் குழல் கிடாரைவிட ஒரே அளவு தள்ளி ஒலித்தது, அரை சுரம் மேலே.

கிளாரினெட்டில் கொஞ்சம் நீளமான இன்னொரு வகை உண்டு. அதே துளைகளை மூடினாலும் அரை சுரம் கீழே ஒலிக்கும். அந்த இசை ஆசிரியரிடம் இருந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குள் வாசிக்க எழுதியவர், எந்தக் குழல் என்று குறிக்கவில்லை.

"அந்தக் குழலுக்கு எங்க போறது அண்ணி? நாளைக்கு வந்துருவாங்களே!"

"குழலை விடு. நீ ஒரு படி மேல ஏறு."

நாத்தனார் கிடாரின் கழுத்தில் முதல் கட்டையில், தந்திகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கவ்வியை மாட்டினாள். ஆறு தந்திகளும் அரை சுரம் ஏறின. வாசித்தார்கள். எங்கேயும் இடிக்கவில்லை.

மறுநாள் வந்த நர்சம்மா நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார்.

"நான் அடுத்த ரூம்ல இருக்கேன். கதவைச் சாத்திக்கோங்க. அப்பல்லாம் எங்களைத் தூங்க வெச்சிட்டுத்தான் வாசிப்பாங்க."

சாத்திய கதவைப் பார்த்தபடி மூன்று பகுதிகளையும் வாசித்து முடித்தார்கள். கதவு உடனே திறக்கவில்லை. நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள். குழல்காரி காகிதங்களை அடுக்கி, திருப்பிக் கொடுக்க உறையைக் கையில் எடுத்துவிட்டாள்.

நர்சம்மா வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"கடைசிப் பகுதியில எங்கம்மா கிடார்ல எப்பவும் ஒரு இடத்துல தடுமாறுவாங்க. இந்தப் பொண்ணு தடுமாறல."

"வேணும்னா தடுமாறி வாசிக்கிறேம்மா" என்றாள் நாத்தனார் பதறிப்போய்.

"வேண்டாம். தடுமாறாம வாசிக்கணும்னுதான் அவங்க ஆசைப்பட்டாங்க."

நீட்டிய உறையை அவர் வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று நாத்தனாரிடம் கேட்டார்.