தாச்செவ் வாத்தியாரின் இலை

ஒப்பந்தத் தாளில் இப்படி இருக்கிறது: "ராடோஸ்வெட்டா இலியேவா, வயது 52. காகிதம் வெட்டும் உதவியாளர். கணினியைக் கையாளும் பொறுப்பு இல்லை." லோம் நகரத்து அச்சகத்தில் இதை நம்பியவர் முதலாளி ஸ்டமென் ஒருவர்தான். அவரும் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு நிமிஷம்தான் நம்பினார்.

அச்சகத்துக்குச் சோறு போடுவது மரண அறிவிப்புகள். புகைப்படம், பெயர், நாலு வரி, உச்சியில் ஒரு சின்னம். தேவாலயத்துக்குப் போனவருக்குச் சிலுவை, மசூதிக்குப் போனவருக்குப் பிறை, எங்கேயும் போகாதவருக்கு இலை. கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டிவிட்டால், அப்புறம் மழையாகப் பார்த்துக் கிழித்தால்தான் உண்டு.

சின்னங்கள் எல்லாம் முப்பது வருஷத்துப் பழைய எழுத்துருக் கோப்பு ஒன்றில் இருந்தன. ஒரு எழுத்தைத் தட்டினால் சிலுவை விழும், இன்னொன்றைத் தட்டினால் இலை. திங்கட்கிழமை வந்த புதுக் கணினி அந்த எழுத்துருவை ஏற்கவில்லை. எதைத் தட்டினாலும் வெறும் கட்டம்தான் விழுந்தது.

செவ்வாய் காலையில் பென்கா வந்தாள். முந்தின நாள் அவள் கணவர், பௌதிகம் நடத்திய தாச்செவ் வாத்தியார், இறந்துபோயிருந்தார். இலை போட்ட நாற்பது தாள் மதியத்துக்குள் வேண்டும்.

"இலை இல்லக்கா. சிலுவை போட்டுடலாமா? ரெண்டு கோடு, முடிஞ்சுது" என்றார் ஸ்டமென். "அவரா வந்து பாக்கப்போறாரு?"

"அவரு பாக்கமாட்டாரு தம்பி. தினம் பஸ்ஸுக்கு நிக்கப்போறது நான்ல? அம்பது வருஷம் தேவாலயத்துக்கு வாங்கன்னு அவரோட சண்டை போட்டவ நான். அவரு செத்தப்புறம் பென்கா ஜெயிச்சுட்டாள்னு ஊரு பேசும். அப்படியொரு ஜெயிப்பு எனக்கு வேணாம்."

ஸ்டமென் பழைய அறிவிப்பு ஒன்றைத் தேடியெடுத்து, அதிலிருந்த இலையை ஸ்கேன் செய்து பெரிதாக்கினார். ஓரமெல்லாம் பிசிறு.

"பூச்சி அரிச்ச மாதிரில்ல இருக்கு" என்றாள் பென்கா.

"இயற்கைக்கா."

வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ராடோஸ்வெட்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தள்ளுங்கண்ணே."

"ஒப்பந்தத்துல இது இல்லையே, ராடா."

"ஒப்பந்தத்துல உங்கள மேலாளர்னு போட்டிருக்கு. அத நான் கேட்டேனா? தள்ளுங்க."

நாத்திகருக்கு இலை எடுத்துக்கொடுக்க உட்கார்ந்தவள் ஒரு ஞாயிறு பூசையும் தவறவிடாதவள். இந்த வேலையைப் படித்ததே தேவாலயத்தின் இணையப் பக்கத்துக்கு மணியும் மெழுகுவர்த்தியும் செய்யத்தான். எழுத்துருவைப் பிரித்துக் காட்டும் மென்பொருளில் அந்தப் பழைய கோப்பு மறுபேச்சில்லாமல் திறந்தது. இலையைப் படமாக மாற்றினாள். காம்பைக் காணோம். எழுத்துகள் நிற்கும் கோட்டுக்குக் கீழே தொங்கிய காம்பைப் படத்தின் சட்டம் நறுக்கிவிட்டிருந்தது. சட்டத்தைக் கீழே இறக்கி மறுபடி எடுத்தாள். காம்பு வந்தது.

இணையத்தில் அறிவிப்பு கேட்பவர்கள் அழுத்தும் பொத்தானுக்கு, அதையே பொடிப் படமாகவும் மாற்றினாள். நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

பென்கா எட்டிப் பார்த்தாள். "இதென்ன, மீனா? அவருக்கு மீன்னா உசுருதான். அதுக்காகத் தலைமேலயா போடுவீங்க?"

இரண்டு நரம்பை எடுத்ததும் மீன் இலையானது.

பதினொரு மணிக்குத் தேவாலய மணி அடித்தது. ராடோஸ்வெட்டா வலது கையால் மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள். இடது கை மௌஸை விடவில்லை.

"இலைதான் வந்துடுச்சே, இன்னும் என்ன?" என்றார் ஸ்டமென்.

"சிலுவையையும் எடுத்து வெக்கிறேன். நாளைக்கு நான் செத்தா எனக்கு இலையப் போட்டுட்டு, எல்லாருக்கும் பொருந்தும்பீங்க."

பென்கா சிரித்தாள். சிரித்ததற்கு வருந்தியவளாகக் கைக்குட்டையை எடுத்து, மறுபடியும் சிரித்தாள்.

அன்று ராடோஸ்வெட்டா பழைய எழுத்துருவிலிருந்த பத்தொன்பது சின்னங்களையும் படங்களாக மாற்றினாள். மதியத்துக்கு முன்னால், இலை போட்ட நாற்பது தாள்களை அச்சிட்டு, வெட்டி, பென்காவின் கையில் கொடுத்தாள்.